நாடகம் இல்லாத நாட்கள்

சென்னை,
வைகாசி 5

அன்புள்ள தம்பிக்கு,

  

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. மதுரையில் உங்கள் நாடகக் குழுவுக்கு ஒரு நண்பர் வட்டம் தொடங்கியிருக்கிறீர்கள், வருஷத்து நிகழ்ச்சிகளையெல்லாம் உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. "கொடைக்கானலுக்கு ஒரு தடவை, குற்றாலத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனால் போதாதா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். போதாது தம்பி. ஏன் போதாது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பதினோரு வருஷமாக இங்கே ஒரு சின்ன நவீன நாடகக் குழுவின் நண்பர் வட்டத்தில் இருக்கிறேன். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் வருஷம் நாங்களும் நீ நினைப்பது போலத்தான் செய்தோம். சந்தா வாங்கினோம், அட்டை கொடுத்தோம், மாமல்லபுரத்துக்கு வேன் வைத்துப் போனோம். கடற்கரையில் பாட்டுக்குப் பாட்டு, மத்தியானம் நல்ல சாப்பாடு. எல்லோரும் சந்தோஷமாகத்தான் திரும்பினோம். அடுத்த வருஷம் பாதிப் பேர் சந்தா கட்டவில்லை. யாருக்கும் கோபம் இல்லை. அந்த வேனில் போய்வந்தவர்களுக்கும் நாடகத்துக்கும் நடுவில் எதுவும் முளைக்கவில்லை, அவ்வளவுதான். கடலை யாரோடு வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாமே.

அப்போது குழுவில் இருந்த ஒரு பெண்தான், "ஒரு நாள் ஒத்திகைக்கு வாங்களேன்" என்று கூப்பிட்டாள். போனோம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாடகைக்கு எடுத்த ஒரு மாடிக்கூடம். சாயங்காலம் ஏழு மணி. பகலெல்லாம் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் தரையைப் பெருக்கி, பெஞ்சை ஓரம் கட்டிவிட்டு நின்றார்கள். அன்றைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது மூன்று நிமிஷக் காட்சி. ஒருத்தி கிணற்றில் தண்ணீர் சேந்த வேண்டும். கிணறும் இல்லை, கயிறும் இல்லை, குடமும் இல்லை. வெறும் கை. இரண்டு மணி நேரம் அதையே திரும்பத் திரும்பச் செய்தாள். குடம் நிறைந்ததும் கயிறு கனக்க வேண்டும். அந்தக் கனம் முதலில் தோளுக்கு வரவில்லை, பிறகு வந்தது, பிறகு காணாமல் போனது. ஒன்பது மணிக்கு அவள் கடைசியாக இழுத்தபோது எனக்கே உள்ளங்கை காந்தியது.

எங்களோடு ஒரு கணக்கு அதிகாரி வந்திருந்தார். ஓய்வு பெற்றவர். 300 ரூபாய் டிக்கெட்டுக்கு ஒவ்வொரு முறையும், "இத்தனூண்டு நாடகத்துக்கு இவ்வளவா?" என்று கேட்பார். அன்று இறங்கி வரும்போது ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் குழுவின் கணக்கு நோட்டைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். இன்றுவரை அவர்தான் பார்க்கிறார்.

ஆகவே தம்பி, உன் முதல் வெளியூர்ப் பயணத்துக்கு முன்னால் ஒரு மாடிப்படி ஏறுங்கள். குழுவிடம் முன்கூட்டிக் கேட்டு, அவர்கள் வரச் சொல்கிற நாளில் போங்கள். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். செல்போனை எடுக்கக் கூடாது, கைதட்டக் கூடாது, முடிந்ததும் யோசனை சொல்லக் கூடாது. டீ மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம்.

அடுத்தது கூத்து. நவீன நாடகக்காரர்களுக்குக் கூத்து எதற்கு என்று உங்கள் வட்டத்தில் யாராவது கேட்பார்கள். நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கியதற்குப் பின்னால் அவர் கண்விழித்துப் பார்த்த தெருக்கூத்து இருக்கிறது. நம் நாடகத்துக்கு வேர் எங்கே என்று தேடியவருக்குக் கிடைத்த விடை அது. 'அன்று பூட்டிய வண்டி' என்று அதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் தேடிப்போன ஊர்களில் முக்கியமானது திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை. கூத்துக் கலைஞர்களான தம்பிரான்களின் ஊர். கண்ணப்பத் தம்பிரானின் நினைவாக அங்கே விடிய விடிய விழா நடக்கும். கூத்தும் நவீன நாடகமும் ஒரே இடத்தில் ஆடுவார்கள்.

நாங்கள் இருபத்திரண்டு பேர் போனோம். காஞ்சிபுரத்தில் இறங்கி டிபன் சாப்பிட்டுவிட்டு, செய்யாறு போகிற வழியில் இருட்டின பிறகு ஊருக்குள் நுழைந்தோம். நேராக ஒப்பனை நடக்கும் இடத்துக்குத்தான் போனேன். தரையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அரிதாரம் பூசி, முகத்தில் கோடு கோடாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு புஜக்கீர்த்தி, மார்பதக்கம், கிரீடம் என்று ஒவ்வொன்றாக இன்னொருவர் முதுகுப் பக்கம் நின்று இழுத்துக் கட்டுகிறார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நம்மிடம், "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்ட மனிதர் கண்ணெதிரே துரியோதனன் ஆகிறார். களரியில் இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதற்குப் பின்னால் நின்று அவர் பாட, மத்தளமும் முகவீணையும் சேர்ந்துகொள்ள, திரை விலகுகிற அந்த நேரத்தில் எங்கள் கூட்டத்தில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

இரண்டு மணிக்குமேல் எங்களில் பாதிப் பேர் பாயிலேயே சாய்ந்துவிட்டார்கள். நான் ஊர்க்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி பேத்தியை மடியில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்ததும் சரியாக விழித்துக்கொண்டு பேத்தியையும் உலுக்கி எழுப்பினாள். எந்த இடத்தில் தூங்கலாம், எந்த இடத்தில் தூங்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளை விடவா ஒரு நல்ல ரசிகை? நாங்கள் அட்டை வைத்திருக்கிற நண்பர்கள். அவள் அட்டை இல்லாமலே அந்தக் கூத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவள். அந்தப் பாட்டியைப் பார்த்த பிறகுதான் நண்பர் வட்டம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது.

புரிசை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பாரிஸ் பக்கத்தில் ஆரியான் மினூஷ்கின் அம்மையார் நடத்துகிற தியாத்ர் து சொலெய் என்ற குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். 1964இல் தொடங்கிய குழு. பழைய வெடிமருந்துத் தொழிற்சாலைதான் அவர்களுடைய அரங்கம். பார்க்க வருகிறவர்கள் அங்கேயே சாப்பிடலாம். நடிகர்கள் வேஷம் போட்டுக்கொள்வதையும் பார்க்கலாம். 2016இல் அவர்கள் இந்தியாவைக் களமாக வைத்து ஒரு நாடகம் போட்டபோது, புரிசை கண்ணப்ப சம்பந்தன்தான் அந்த நடிகர்களுக்குக் கூத்துப் பயிற்சி கொடுத்தார். வேஷம் கட்டுவதைப் பார்க்க வருகிறவனுக்கு மறைக்காத அந்த வழக்கம் இரண்டு ஊருக்கும் பொதுவாக இருப்பதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுவேன்.

உனக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். நீ இருப்பது மதுரையில். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய ஊர் அது. டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாகச் சேர்ந்து பாடம் படித்த சபை. சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இன்றைக்கும் உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஏதாவது ஒரு கோயில் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகமாக நடந்துகொண்டிருக்கும். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதே கிடையாது. ராத்திரி பந்தலுக்கு வந்து சேர்ந்து, ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் விடிகிறவரை நடத்திவிடுவார்கள். பாட்டும் தர்க்கமும் எல்லோருக்கும் மனப்பாடம். எதிரில் நிற்பவர் எங்கே திருப்புவார் என்பதுதான் அன்றைய ராத்திரியின் புதுசு.

உங்கள் குழுவினரையும் அங்கே அழைத்துக்கொண்டு போ. மூன்று நிமிஷத்துக்கு இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்க்கிற பிள்ளைகள், ஒத்திகையே இல்லாமல் எட்டு மணி நேரம் ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்காரட்டும். முடிந்ததும் அந்தக் கலைஞர்களோடு காலை டிபன் சாப்பிடுங்கள். அவர்கள் எப்போது வீட்டை விட்டுக் கிளம்பினார்கள், மழைக்காலத்தில் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். பாண்டிச்சேரிக்குப் போகிற வாய்ப்பு வந்தால் கருவடிக்குப்பத்தில் சுவாமிகளை அடக்கம் செய்த இடத்துக்கும் போய்வாருங்கள். 1922இல் பாண்டிச்சேரியில்தான் அவர் காலமானார்.

மழைக்காலத்துக்கு வாசிப்பு வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு வீட்டில் கூடி, சத்தமாகப் படிப்பது. நாங்கள் முதலில் எடுத்தது டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'. அடுத்தது பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்'. அவர் சுகுண விலாச சபையைத் தொடங்கிய வருஷம் 1891. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சந்தா கட்டி, தாங்களே வேஷமும் போட்ட சபை அது. பார்க்கிறவர், கொடுக்கிறவர், நடிக்கிறவர் என்று அவர்கள் பிரிந்து நிற்கவில்லை. நாம் இன்று புதுசாகச் செய்கிறோம் என்று நினைத்தது நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சென்னையில் நடந்திருக்கிறது.

ஒரே ஒரு நீண்ட பயணம் போக முடியும் என்றால் ஹெக்கோடு போங்கள். கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்து சாகருக்குப் பக்கத்தில் பாக்குத் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற கிராமம். கே.வி. சுப்பண்ணா 1949இல் அங்கே தொடங்கிய நீநாசம் என்ற அமைப்பு இன்று நாடகப் பள்ளியாகவும், 1985 முதல் திருகாட்ட என்ற பெயரில் ஊர் ஊராகப் போகிற குழுவாகவும் வளர்ந்து நிற்கிறது. அந்தப் பணிக்காக 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. அக்டோபரில் அங்கே கலாச்சார முகாம் நடக்கும். பகலில் பேச்சு, ராத்திரியில் நாடகம், மறுநாள் காலையில் அந்த நாடகத்தைப் பற்றியே விவாதம். எனக்குக் கன்னடம் தெரியாது. அரங்கில் என் பக்கத்தில் சட்டையில் மண் ஒட்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நேராகத் தோப்பிலிருந்து வந்திருக்கிறார். வார்த்தை புரியாத எனக்கு அவர் முகத்தைப் பார்த்தே பாதி நாடகம் விளங்கியது. ஒரு கிராமம் நினைத்தால் ஒரு நாடக மேடையை எத்தனை தலைமுறைக்கும் தாங்க முடியும் என்று நம்பிக்கையோடு திரும்பினோம்.

இதெல்லாம் எதற்குப் பயன்பட்டது என்று கேட்பாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் குழுவின் புது நாடகத்துக்கு முதல் நாள் மத்தியானம், பதிவு செய்திருந்த அரங்கம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முன்பணம் கட்டியாயிற்று, டிக்கெட்டும் விற்றாயிற்று. இயக்குநர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கணக்கு அதிகாரிதான், "என் வீட்டு மொட்டைமாடியில் போடுங்கள்" என்றார். ஒருவர் பந்தல்காரரிடம் ஓடினார், ஒருவர் டிக்கெட் வாங்கிய அத்தனை பேருக்கும் போன் செய்தார், இரண்டு பேர் தெருவில் வீடு வீடாகப் போய், சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவந்தார்கள். புரிசையில் வேஷம் கட்டிவிடுவதைப் பார்த்திருந்த எங்கள் பெண்கள் ஒப்பனைக்கு ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். நாற்காலி போதாமல் பாய் விரித்தோம். அறுபது பேர் பார்த்தார்கள். தெருக்காரர்கள் பக்கத்து மாடிகளில் நின்று பார்த்தார்கள். மாமல்லபுரத்துக்கு வேனில் போன கூட்டமாகவே நாங்கள் இருந்திருந்தால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்போம்.

ஒரு குழு வருஷத்தில் மேடையேறுகிற நாட்கள் கொஞ்சம்தான். மற்ற நாட்களில் அவர்கள் இடம் தேடுகிறார்கள், பணம் தேடுகிறார்கள், வேலைக்கும் ஒத்திகைக்கும் நடுவில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்கள். அந்த நாட்களில் கூட இருக்கிறவர்கள்தான் நண்பர் வட்டம். கைதட்டுவதற்கு யார் வேண்டுமானாலும் வருவார்கள்.

சில காரியங்களை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சந்தாவைக் குறைவாக வை. மாணவர்களிடம் வாங்காதே. பயணச் செலவை அவரவர் போட்டுக்கொள்ளட்டும். சந்தாப் பணத்தில் ஒரு ரூபாய்கூடச் சுற்றுலாவுக்குப் போகக் கூடாது. எந்த ஊர்க் கூத்துக்குப் போனாலும், நாடகத்துக்குப் போனாலும், வட்டத்தின் பேரில் ஒரு தொகையை அந்தக் கலைஞர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். வயதானவர்களுக்கு முதல் வரிசையில் நாற்காலியும் வெந்நீரும் இருக்கிறதா என்று நீயே பார். குழு என்ன நாடகம் போட வேண்டும் என்று வட்டம் ஒருநாளும் சொல்லக் கூடாது. பிடிக்காத நாடகத்துக்கும் முழுதாக உட்கார வேண்டும்.

கொடைக்கானலுக்கு நீயும் பிள்ளைகளும் தனியாகப் போய்வாருங்கள். வட்டத்துக்கு இந்த வருஷம் முதல் பயணம் வள்ளி திருமணமாக இருக்கட்டும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் அந்தக் கலைஞர்களுக்கு மேடை குறைந்துவிடும். அதனால் ஆடி முடிவதற்குள் ஒரு ராத்திரியைக் குறித்துவிட்டு எனக்கு எழுது. அத்தானும் நானும் பாயும் போர்வையுமாக வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
அக்கா