மாட்டேன் என்று சொல்ல முடிந்தவன்

2009 ஏப்ரலில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டுக்கு 3.1 பேட்ச் (புதுப்பிப்பு) வந்தது. அதுவரை ஸ்பெக்கை, அதாவது பாத்திரத்தின் திறன் தேர்வை, மாற்ற நகரத்துக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் கோல்டு (விளையாட்டுப் பணம்) கட்ட வேண்டியிருந்தது. மாற்ற மாற்றக் கட்டணம் ஏறி 50 கோல்டு வரை போனது. புதிய பேட்சில் ஒரே முறை 1000 கோல்டு கட்டினால் இரண்டு ஸ்பெக் வைத்துக்கொள்ள முடிந்தது. சண்டை இல்லாத நேரத்தில் சில நொடிகளில் மாறிக்கொள்ளவும் முடிந்தது. இதனால் எல்லோருக்கும் லாபம் என்று எங்கள் கில்டில் (ஆட்டக் குழுவில்) பேசியவன் நான். நான்தான் லீடர். அந்த லாபத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டவனும் நான்தான்.

அதே பேட்சில் பலர் சேர்ந்து ஆடும் உல்டுவார் ரெய்டும் வந்தது. நாங்கள் பத்துப் பேராகப் போவோம். காயம் ஆற்றும் ஹீலர் குறைந்தால் ரெய்டு நடக்காது. என் பாத்திரம் பாலடின். அடி தாங்கும் டேங்க், ஹீலர், எதிரியை அடிக்கும் டேமேஜ் மூன்றும் செய்யும் கிளாஸ் (பாத்திர வகை). ஹீலிங்கை இரண்டாவது ஸ்பெக்காக வாங்கியிருந்தேன். அதற்கான கவசமும் பையில் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் குழுவில் ஒரு பெண், ஹீல் பண்ணவும் பூனையாக மாறி அடிக்கவும் முடிந்த ட்ரூயிட் கிளாஸ் ஆடினார். எப்போதும் ஹீலர் அவர்தான். ஒரு நாளாவது பூனை வடிவில் அடித்து ஆட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டார். சரி என்றேன். அன்று இன்னொரு ஹீலர் வரவில்லை. யார் மாற முடியும் என்று வாய்ஸ் சாட்டில் ஒருவர் கேட்டார். எனக்கு ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அழுத்தவில்லை. அந்த ட்ரூயிட்டின் பெயரைச் சொன்னேன். "உங்க அளவுக்கு யாரும் ஹீல் பண்ண மாட்டாங்க" என்றேன். பாராட்டு மாதிரி இருந்தது. வாயை அடைக்கத்தான் சொன்னேன். அவர் மாறினார்.

யார் எவ்வளவு அடித்தார் என்று காட்டும் டேமேஜ் மீட்டரில் என் பெயர் மேலே நிற்க வேண்டும் என்ற செருக்கு எனக்கு. ஹீலர் ஆனால், யாராவது செத்தால் என்னைக் கேட்பார்களே என்ற பயமும் இருந்தது. அந்தப் பழியை வாராவாரம் அவர் தலையில் வைத்தேன்.

அதோடு நிற்கவில்லை. எதிரி செத்ததும் விழும் பொருளில் மெயின் ஸ்பெக்குக்கே முதல் உரிமை என்று விதி போட்டேன். அவரை ஹீலர் என்று குறித்ததும் நான்தான். பூனைக்கு ஏற்ற தோல் கவசம் விழுந்தபோது ஆசையோடு ரோல் (பகடை) போட்டார். விதியைக் காட்டி, ரோக் கிளாஸ் ஆடிய ஒருவருக்குக் கொடுத்தேன். கவசம் சேராததால் அவருடைய பூனை ஸ்பெக் வலுவில்லாமலே கிடந்தது. அதையே காரணம் காட்டி மறுபடி ஹீல் பண்ணச் சொன்னேன்.

அவர் கில்டை விட்டுப் போனார். யாரையும் குறை சொல்லவில்லை. பிடித்ததை ஆட முடியவில்லை என்று மட்டும் எழுதினார். அப்போதும் நான் திருந்தவில்லை. ஷாமன் ஆடிய இன்னொருவரை அந்த இடத்தில் தள்ளினேன்.

பல வேலை செய்யும் கிளாஸால் யாருக்கு லாபம்? முதலில் லீடருக்கு, ஆள் தேடும் தொல்லை தீர்ந்தது. அடுத்து ரோக், மேஜ் ஆடியவர்களுக்கு. அந்தக் கிளாஸ்களுக்கு ஹீலிங் இல்லாததால் அவர்களை யாரும் ஹீல் பண்ணச் சொல்ல முடியாது. 1000 கோல்டு கட்டிய அந்த ட்ரூயிட்டுக்குக் கூடுதல் வேலைதான் மிச்சம். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் லீடரான எனக்கு இருந்தது. அவருக்கு அதற்கு நான் இடமே கொடுக்கவில்லை.

குற்றம் பேட்சின் மேல் இல்லை. முறை போட்டு மாறியிருக்கலாம். முதல் முறைக்கு என் பெயரையே எழுதியிருக்கலாம். இரண்டு ஸ்பெக்குக்கும் பொருளில் சம உரிமை தந்திருக்கலாம். விதி எழுதும் அதிகாரம் என் கையில் இருந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாயில்லை. தெரிந்தே செய்தேன்.