பையோடு வந்த நண்டு

காலேஜ் டூர் போய் வந்தவர்களின் பையைக் கவிழ்த்தால் மூன்று ஐட்டம் நிச்சயம் விழும். ஈரத் துண்டு, பாதி தின்ற சிப்ஸ் பாக்கெட், நினைவுக்கு என்று எதாவது ஒன்று. ஊட்டி என்றால் தைலம், கடற்கரை என்றால் சிப்பி. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கால் தண்ணீரில் நனைந்தவுடனே கை தானாகக் கீழே போய்விடுகிறது.

கோயம்புத்தூர் பக்கத்து பி.காம் வகுப்பு ஒன்று ராமேஸ்வரம் போனது. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் (2017-ல் ரோடு திறந்த பிறகு வண்டி முனை வரைக்கும் போகிறது, அதற்கு முன் மணலில் வேன் சவாரிதான்) கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எலுமிச்சம்பழ சைஸில் ஒரு சங்கைப் பொறுக்கினான். உள்ளே எட்டிப் பார்த்தான். ஊதினான். காதில் வைத்தான். காதில் கேட்பது கடல் சத்தமே கிடையாது, சுற்றியிருக்கிற சத்தம்தான் உள்ளே எதிரொலிக்கிறது, காபி டம்ளரை வைத்தாலும் கேட்கும். அது கிடக்கட்டும். சங்கு காலி, தங்கச்சிக்கு ஆச்சு என்று சாக்ஸில் சுருட்டி வைத்தான்.

மதுரை தாண்டி டீக்கு வண்டி நின்றபோது பைக்குள் கரகரவென்று சத்தம். பிரித்தால், சங்கு சீட்டின் மேல் நடந்து போகிறது!

உள்ளே இருந்தது துறவி நண்டு. பேர்தான் துறவி, வீட்டு ஆசை அதற்கு ரொம்ப ஜாஸ்தி. முன்னால் கவசம் இருந்தாலும் பின்பக்க உடம்பு மெத்தென்று இருக்கும். அதனால் செத்துப்போன நத்தை, சங்கின் காலி ஓட்டில் நுழைந்து குடியிருக்கும். ஆள் பார்த்தால் ஆழமாக உள்ளே இழுத்துக்கொள்ளும், அதுதான் பையன் ஏமாந்தது. வளர வளர பெரிய ஓடு தேட வேண்டும். பெரிய ஓடு ஒன்று ஒதுங்கினால் சைஸ் வாரியாக வரிசையில் நின்று, முதல் நண்டு அதில் குடியேற, அது விட்டதில் அடுத்தது, அது விட்டதில் அதற்கடுத்தது என்று வரிசையே வீடு மாறும். ஹாஸ்டலில் சீனியர் ரூம் காலியானால் நடக்கிற அதே கூத்து. ஆக, 'காலி ஓடுதானே' என்று எடுத்தாலும் அது யாரோ ஒருத்தருக்கு வரப்போகிற வீடு.

"சார், வண்டியத் திருப்பலாமா சார்?"

"நண்டுக்காடா? ஏறு ஏறு, லேட்டாச்சு."

டீக்கடையில் கல் உப்பு வாங்கி பாட்டில் தண்ணீரில் கரைத்து ஒரு டப்பாவில் விட்டார்கள். சமையல் உப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர் ஆகிவிடுமா? மறுநாள் சாயந்திரம் நண்டு ஓட்டை விட்டுப் பாதி வெளியே வந்து கிடந்தது. அசையவில்லை. பையன் அன்றைக்கு மெஸ்ஸுக்கு வரவில்லை. கிண்டல் பண்ணினவர்களும் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

'ஒன்னே ஒன்னுதானே' என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஸ்பெயினில் சாலோ என்ற ஊரின் கடற்கரையில் 1978-81-ல் சிப்பிகளை எண்ணி வைத்திருந்தார்கள். 2008-10-ல் மறுபடி அதே இடத்தில் எண்ணினார்கள். ஓபனிங் ஸ்டாக், க்ளோசிங் ஸ்டாக் மாதிரிதான்! நடுவில் டூரிஸ்ட் கூட்டம் மூன்று மடங்கை நெருங்கிவிட்டது, சிப்பி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பொறுக்கியது மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை, கடற்கரையைச் சுத்தம் பண்ணும் இயந்திரங்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஆனால் இரண்டுமே வந்தவர்களுக்காக நடந்ததுதான்.

'பொறுக்கவே வேண்டாம், கடையில் வாங்கிக்கலாம்' என்பார்கள். அது இன்னும் மோசம். கரையில் ஒதுங்கும் ஓடு தேய்ந்து, உடைந்து, வெளுத்துத்தான் இருக்கும். பல சிப்பிகளில் பொட்டு மாதிரி வட்ட ஓட்டை இருக்கும், வேறொரு நத்தை துளைபோட்டு உள்ளே இருந்ததைத் தின்ற அடையாளம். கடையில் பளபளவென்று கீறல் இல்லாமல் இருக்கிறதே, அதில் பெரும்பாலும் உயிரோடு எடுத்து, சதையை நீக்கி, ஆசிட்டில் கழுவியது. பில்லில் கூலி உண்டு, கடை வாடகை உண்டு. நத்தையின் விலை எந்தக் காலத்திலும் இல்லை.

'வெள்ளைக் கல்' என்று எடுப்பது பவளம் என்றால் விஷயம் வேறு. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியது அதற்குப் பெரிய காரணம். அது டூரிஸ்ட் செய்ததில்லை, உண்மை. தீவே போகும் என்பதற்காகச் சொன்னது.

அந்தச் சங்கு ஹாஸ்டல் ஜன்னலில் ஒரு வருஷம் இருந்தது. தங்கச்சிக்குக் கொடுக்கவே இல்லை. அடுத்த டூருக்குக் கிளம்பிய ஜூனியரிடம் பேப்பரில் சுற்றிக் கொடுத்து, "எடுத்த இடத்துலயே போட்டுடுடா" என்றான்.

"போட்டுட்டேன்ணா" என்று வந்து நின்றான் ஜூனியர். கையில், அண்ணன் பெயர் எழுதின கீ-செயின். சோழியில் செய்தது. :-)