எரியாத சீலை

அம்மாவின் வெங்காயத்தோல் நிறச் சீலை எங்கள் ஊர் இறுப்பிட்டி வீட்டு அலுமாரியில் மடித்தபடி இருக்கிறது. நேற்று விரித்துப் பார்த்தேன். கரை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. தீப்பட்ட தடம் மருந்துக்கும் இல்லை. கனடாவில், ஸ்காபரோவில் இந்தச் சீலையை ஹீற்றரின் மேல் காயப்போட்டுத்தான் புகை கிளம்பியது என்று இத்தனை வருடமாக எல்லோருக்கும் சொல்லி வந்தேன். பொய்.

2021 மார்கழி. ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு அது முதற் குளிர்காலம். படுக்கக் கொடுத்தது பேஸ்மென்ட் அறை. வீட்டுச் சூட்டை இரண்டு பாகை கூட்டியிருந்தால் போதும். காஸ் பில் ஏறும் என்று கணக்குப் பார்த்து, தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடந்த ஹீற்றரைத் தூக்கி வந்தேன். கம்பி சிவந்து எரிகிற பழைய ரகம். சரிந்து விழுந்தால் தானாக நிற்கிற வசதி அதில் இல்லை. பிளக் கட்டிலுக்கு எட்டவில்லை என்று ஒரு மலிவு எக்ஸ்ரென்சன் வயரை வாங்கிக் கம்பளத்துக்குக் கீழே விட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. எங்கள் ஊராட்கள் ஹீற்றர் வாங்கமுதல் கேட்பதே என்னிடம்தான். எந்தக் கம்பனியின் 1500 வாட்டும் ஒரே அளவு சூடுதான், விளம்பரத்துக்குக் காசை அழிக்காதீர்கள், கூடக் கொடுப்பதென்றால் எண்ணெய் நிரப்பிய ரேடியேற்றருக்குக் கொடுங்கள், அதன் உடம்பு செக்கச்செவேல் என்று சிவக்காது என்பேன். நேரே சுவரில் செருகுங்கள், மூன்றடிக்குள் துணியோ மெத்தையோ வேண்டாம், படுக்கமுதல் நிறுத்துங்கள் என்பேன். கலியாண வீட்டிலும் விடமாட்டேன்.

அன்றிரவு வேலையால் வந்து கதவைத் திறக்க பிளாஸ்ரிக் கருகிய மணம். கீழே ஓடினேன். அம்மா கட்டிலில் குந்தியிருந்து போர்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தா. பிரேக்கரை நிறுத்திவிட்டு வந்து கம்பளத்தைத் தூக்கினேன். ஹீற்றர் பிளக்கும் வயரின் வாயும் உருகி ஒன்றாகியிருந்தன. இழுத்தபோது பாகுபோல் நூல் வந்தது. கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.

பிரேக்கர் ஏன் விழவில்லை? 120 வோல்ற்றில் 1500 வாட் இழுப்பது 12.5 அம்பியர். 15 அம்பியர் பிரேக்கருக்கு அது சாதாரண சுமை. பிளக்கின் பிடி தளர்ந்த இடத்தில் தடை கூடி அந்த ஒரு புள்ளி மட்டும் கொதிப்பது அதற்குத் தெரியாது. புகை கண்டு கத்த வேண்டிய அலாரமும் கத்தவில்லை. கருவாடு பொரிக்கும்போதெல்லாம் கத்துகிறதென்று பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் போட்டிருந்தேன். ஒன்ராறியோவில் அது சட்டப்படி குற்றம். அதையும் தெரிந்துதான்.

மனைவி படியால் இறங்கி வந்து "என்ன எரிஞ்சது?" என்று கேட்டா.

"அம்மா ஹீற்றருக்கு மேலை சீலையைக் காயப்போட்டிட்டா." யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. சீலை அப்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா என்னைப் பார்த்தா. பிறகு மருமகளைப் பார்த்து, "ஓம் பிள்ளை, என்ரை பிழைதான்" என்றா.

தீயைப் பற்றி அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1991இல் எங்கள் ஊர்த் தீவை விட்டு இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் மண்ணெண்ணெய் தங்கம். ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். தண்ணீர் விட்ட தட்டின் நடுவில் போத்தலை வைத்து, எங்கள் புத்தகத்தையும் தன் முந்தானையையும் ஒதுக்கிய பிறகுதான் நெருப்புக்குச்சியைத் தொடுவா. அந்த மனுசியைத்தான் லண்டன், பாரிஸ் சொந்தமெல்லாம் "ஊர்க்கிழவிக்கு ஹீற்றர் குடுத்தா இப்பிடித்தான்" என்று பகிடி பண்ணியது. நானும் கூடச் சிரித்தேன். பொய்யை விட இந்தச் சிரிப்புத்தான் எனக்கு இப்போது நித்திரையைக் கெடுக்கிறது.

2022 ஜனவரி 9ஆம் திகதி நியூயோர்க், பிராங்ஸில் ஒரு மாடிக்கட்டடம் தீப்பற்றியது. ஒரு வீட்டு ஹீற்றரில் தொடங்கிய தீ. தானாக மூட வேண்டிய கதவுகள் மூடாததால் புகை படிக்கட்டில் ஏறி, 17 பேர் இறந்தார்கள். 8 பேர் பிள்ளைகள். ரீவியில் அதை நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா நெடுநேரம் பேசவில்லை.

"அந்த வீட்டுக்காரர் இப்ப ஆரைச் சொல்லுவினமோ?" என்றா. பிறகு தேத்தண்ணி கேட்டா. அந்த விசயம் பற்றி என்னிடம் வாய் திறந்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த கிழமை அம்மாவின் ஆட்டைத் திவசம். தங்கச்சி லண்டனிலிருந்து வருகிறாள். நேற்று ரெலிபோனில், "அந்தத் தீப்பட்ட சீலையை எறிஞ்சு போடாதையுங்கோ அண்ணா, எனக்கு வேணும்" என்றாள். இருக்கு என்றேன். மேல்தட்டில், கையை நீட்டினால் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.