ஆற்றின் வெப்பம், ஊரின் உடைமை



ஐந்து பாகை செல்சியஸ் குளிரில் ஓடும் ஆற்றுநீரைக் கொண்டு வீடுகளைச் சூடாக்கலாம் என்று வகுப்பில் சொன்னால், மாணவர்கள் நகைப்பார்கள். ஆண்டு முழுவதும் வெயிலில் வாழும் நமக்கு வெப்பம் விரட்டப்பட வேண்டிய ஒன்று. குளிர்நாடுகளிலோ அது விலைகொடுத்து வாங்க வேண்டிய பண்டம். அங்கே குளிர்காலத்தில் வெப்பக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பத்தின் துன்பம், நம் ஊரில் குடிநீர் நின்றுபோன வீட்டின் துன்பத்திற்கு ஒப்பாகும்.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அது கதகதப்பாக இருக்கும். உள்ளே வைத்த காய்கறியிலிருந்து எடுக்கப்பட்ட வெப்பம்தான் அங்கே வெளியேறுகிறது. இதே வேலையைப் பெரிய அளவில் செய்வது வெப்பப் பம்பு. ஆற்றுநீரின் வெப்பத்தை, மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் ஒரு பாய்மம் ஏற்று ஆவியாகிறது. அந்த ஆவியை அழுத்தினால் அதன் வெப்பநிலை உயர்கிறது. அவ்வெப்பம் குழாய்நீருக்கு மாறி வீடுகளைச் சென்றடைகிறது. ஓர் அலகு மின்சாரம் செலவிட்டால் ஏறக்குறைய மூன்று அலகு வெப்பம் கிடைக்கும். அவற்றுள் இரண்டு ஆறு தந்தவை.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்கும் உண்டு. ஒரு கன மீட்டர் நீரை மூன்று பாகை மட்டும் குளிர்வித்தால் சுமார் 3.5 கிலோவாட்-மணி வெப்பம் கிடைக்கிறது. வினாடிக்கு ஒரு கன மீட்டர் வீதம் நீரை எடுத்துப் பயன்படுத்தி ஆற்றிலேயே திரும்ப விட்டால், அது ஏறத்தாழ 12.5 மெகாவாட் ஆற்றலாகும்.

இது புதுமை அன்று. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மன்றக் கட்டடம் 1938ஆம் ஆண்டிலேயே லிம்மாட் ஆற்றின் நீரிலிருந்து வெப்பம் பெற்றது. அண்மையில், 2023ஆம் ஆண்டில், ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ரைன் ஆற்றுநீரைப் பயன்படுத்தும் 20 மெகாவாட் வெப்பப் பம்பு இயங்கத் தொடங்கியது. அது சுமார் 3,500 வீடுகளுக்குப் போதுமான வெப்பத்தைத் தருகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. கடுங்குளிரில் ஆற்றுநீர் உறைநிலையை நெருங்கும்போது அதிலிருந்து மேலும் வெப்பம் எடுத்தால் கருவியிலேயே பனி பிடிக்கும். எனவே துணைக் கொதிகலனும் வெந்நீர்ச் சேமிப்புக் கலனும் தேவைப்படுகின்றன. மீன்கள் உள்ளே இழுக்கப்படாதவாறு வலையும் அமைக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு தனி வீடு செய்துகொள்ள இயலாது. தெருவெல்லாம் தோண்டிக் குழாய் பதிக்கும் செலவைப் பல நூறு வீடுகள் சேர்ந்தால்தான் தாங்க முடியும்.

இங்கேதான் மிக முக்கியமான கேள்வி எழுகிறது. அந்தக் குழாய் யாருக்குச் சொந்தம்?

கடை பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம். ஆனால், வெப்பக் குழாயோடு இணைந்த வீட்டிற்கு அந்தத் தெருவில் இன்னொரு குழாய் கிடையாது. குழாயின் உரிமையாளர் சொல்வதே விலை. இதை நன்கு உணர்ந்த நாடு டென்மார்க். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின்போது அந்நாட்டின் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. அந்த அடியிலிருந்து பாடம் கற்று, 1979ஆம் ஆண்டில் வெப்ப வழங்கல் சட்டத்தை இயற்றினார்கள். வெப்பத்தை விற்று இலாபம் ஈட்டக் கூடாது. உண்மைச் செலவை மட்டுமே வசூலிக்கலாம் என்பது அதன் சாரம். இன்று டேனிய வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இத்தகைய பொதுக் குழாய்களிலிருந்து வெப்பம் பெறுகின்றன. வெப்ப நிறுவனங்கள் பலவும் பயனீட்டாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவுச் சங்கங்கள். மற்றும் பல நகராட்சிகளுக்கு உரியவை. கூட்டுறவில் ஆண்டுக் கூட்டத்திற்கு உறுப்பினர்கள் வருகிறார்கள்; கணக்கைக் கேட்கிறார்கள்; நிருவாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உரிமை கையில் இருப்பதால் மாற்றமும் எளிதாகிறது. எஸ்பியர் நகரில் நிலக்கரி நிலையம் 2024ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்பும் ஏற்பாடுகளில் முதன்மையானது கடல்நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் மாபெரும் பம்பு. சுமார் 25,000 வீடுகளுக்கான வெப்பம் அதிலிருந்து கிடைக்கிறது. அடுப்பு மாறியது, வீட்டுக்குள் வரும் குழாய் மாறவில்லை.

கூட்டுறவு நமக்கும் அந்நியமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டில், துன் வீ.தி.சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாட்டாளிகள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணம் தோட்டங்களை வாங்கியது. தனித்தனியாக எவராலும் வாங்க முடியாததை அவர்கள் சேர்ந்து வாங்கினார்கள்.

வெப்பம் என்னும் பாடத்தை நடத்தும்போது, வெப்பநிலைமானியோடு நிறுத்திவிடாமல், ‘இந்தக் குழாய் யாருடையதாக இருக்க வேண்டும்?’ என்றும் கேட்டுப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் சளைக்காமல் வாதிடுவார்கள். அறிவியல் வகுப்பு சற்று நேரம் குடியியல் வகுப்பாக மாறும். அதனால் நமக்கு இழப்பொன்றுமில்லை.