பெரியப்பாவும் பென்ஸ் லாரியும்

எழுபதுகளின் தொடக்கத்தில் மதராஸ் லாரிக்காரர்கள் இரண்டு கட்சி: ஒன்று லேலண்ட், இன்னொன்று பென்ஸ். எங்கள் பெரியப்பா லேலண்ட் கட்சி. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி, எங்கள் கடலோரத்திலேயே வடக்கே எண்ணூரில் இருந்தது. சாந்தோம்காரருக்கு அது சொந்த ஊர் வண்டி. விறகுத் தொட்டி முதலாளியிடம் காமெட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கோவளம், மாமல்லபுரம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றி வருவது வேலை.

வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கிய ஒரு டிசம்பரில் முதலாளி காமெட்டை விற்றுவிட்டுப் பழைய டாட்டா பென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். டாட்டா கம்பெனி ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு 1954இல் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் செய்த வண்டி. 1969இல் அந்த உறவு முடிந்து, புது வண்டிகளின் முகப்பில் நட்சத்திரம் போய் டாட்டாவின் 'டி' எழுத்து வந்துவிட்டது. எங்களுடையதில் நட்சத்திரம் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கத் தெருப் பிள்ளைகளிடையே அடிதடி.

பெரியப்பா சாவியை வாங்கியும் ஸ்டார்ட் செய்யவில்லை. கேபினில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எனக்கு அரைப் பரீட்சை லீவு, பக்கத்திலேயே ஒண்டிக்கொண்டேன். கிளட்ச் பெடலின் ரப்பரைக் காட்டினார். கீழ் விளிம்பு மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது. சீட்டும் முன்பக்கம்தான் அமுங்கியிருந்தது.

"நமக்கு முன்னாடி ஓட்டினவரு குள்ளம்டா. நுனியில உக்காந்து எட்டி எட்டி மிதிச்சிருக்காரு."

பிரேக் பெடலின் ரப்பரில் வரிகள் அழியாமல் இருந்தன. அதைக் கட்டைவிரலால் நெருடிவிட்டு, "பிரேக்கை நம்பாம கியர்லயே வண்டிய அடக்கினவரு. நல்ல டிரைவர்" என்றார். முகம் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி அவர் அவ்வளவு மரியாதையாகப் பேசியது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

மறுநாள் விடியலில்தான் வண்டி தன் குணத்தைக் காட்டியது. காமெட்டில் டீசல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும். செல்ஃப் அடித்தால் பிடித்துக்கொள்ளும். பென்ஸில் சிலிண்டருக்கு முன்னால் ஒரு சிற்றறை. டீசல் முதலில் அதற்குள் எரிய வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் அந்த அறையை ஹீட்டர் பிளக் சூடாக்கிக் கொடுக்காவிட்டால் வண்டி அசையாது. பிளக் சூடாவதைச் சொல்ல டாஷ்போர்டில் சின்ன வலைக் கண்ணுக்குள் ஒரு கம்பிச் சுருள். பெரியப்பா ஸ்விட்சை இழுத்துப் பிடித்திருக்க, முதலில் கருமையாக இருந்த சுருள் மெல்ல மங்கிய சிவப்புக்கு வந்து, பிறகு இட்லி அடுப்புத் தணல்போல் கனிந்தது. அதற்கப்புறம்தான் செல்ஃப். அந்தச் சுருளைப் பார்த்து "செவந்திடுச்சு பெரிப்பா" என்று சொல்லும் உத்தியோகம் அன்றைக்கே எனக்குக் கிடைத்தது.

கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய ஒரு காலையில் சுருள் சிவக்கவே இல்லை. ஆறு பிளக்கும் வரிசையாக ஒரே கம்பியில் கோத்தவை. ஒன்று போனால் ஆறும் போச்சு. என்னை ஸ்விட்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பெரியப்பா பானெட்டைத் திறந்து, துண்டு ஒயரால் ஒவ்வொரு பிளக்கின் இரு முனைகளையும் தொட்டு இணைத்துக்கொண்டே வந்தார். நாலாவதைத் தொட்டபோது என் கண்ணெதிரே சுருள் சிவந்தது. கத்தினேன். செத்தது அதுதான்.

கியரைப் பழகத்தான் அவருக்கு நாளாயிற்று. டபுள் கிளட்ச் போட்டு மாற்றும் வித்தை தெரிந்தவர்தான். ஆனால் எந்தச் சத்தத்தில் கியர் மாற்றலாம் என்பது இரண்டு வண்டிக்கும் வேறு. விடிவதற்குமுன் காலி வண்டியைக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் போவார். "பேசாத வா" என்பது மட்டும் நிபந்தனை. கியர் கறுமுறுவென்று கடித்தால் பெரியப்பா பல்லைக் கடிக்க மாட்டார். கிளட்சை விட்டு, இன்னொரு முறை இன்ஜின் குரலை ஏற்றி, காத்திருந்து போடுவார். 1973இல் புதுப் பாலம் திறக்கும்வரை அடையாற்றைக் கடக்கக் குறுகலான எல்பின்ஸ்டன் பாலம்தான். எதிரே பஸ் வரும்போது கியர் விழாமல் நின்றுவிட்டால் மானம் போய்விடும் என்பார். லோடோடு அந்தப் பாலத்தைக் கடித்தல் இல்லாமல் கடந்த பிறகுதான் வண்டியை 'நம்ம பென்ஸ்' என்று சொல்ல ஆரம்பித்தார்.

டீசல் முள் வேலை செய்யாது. அதற்கு வெட்டுக் குறி போட்ட சவுக்குக் குச்சி. ஸ்டீயரிங்கை இடதுபக்கம் ஒடித்திருந்தால் ஹாரன் அடிக்காது. அதற்கு என் தொண்டை. உப்புக் காற்றில் பேட்டரி முனைகள் பூத்துப்போகும், அதற்கு கிரீஸ். எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருந்தது, ஹீட்டர் பிளக்கைத் தவிர. அது வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு சைக்கிளில் என்னையும் கூட்டிப் போனார். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். பெரியப்பா அதை வாங்கி என்னிடம் நீட்டினார். இரண்டு முனை இருக்கிறதா என்று பார்த்து, "சரியா இருக்கு" என்றேன். இரண்டாக வாங்கினோம், ஒன்று இன்ஜினுக்கு, ஒன்று டூல்ஸ் பெட்டிக்கு.