இறுகிய அறை

'இதயச் செயலிழப்பு' என்று மருத்துவர் கூறக் கேட்டதும், துடிப்பே நின்றுவிடப் போகிறதோ என்று குடும்பத்தார் கலங்குகின்றனர். மருத்துவர் கருதுவதோ, உடலுக்கு வேண்டிய குருதியை இயல்பான அழுத்தத்தில் வழங்க இதயத்தால் இயலவில்லை என்பதையே. 'இழப்பு' என்பதற்குப் பதிலாகக் 'குறைவு' என்று சொல்லாக்கம் செய்திருந்தால் பாதி அச்சம் அகன்றிருக்கும்.

குருதியை உடலெங்கும் செலுத்துவது இடக்கீழறை. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் குருதியை அது வெளியேற்றுகிறது. மாரடைப்பினால் அதன் தசையில் ஒரு பகுதி மடிந்து தழும்பாகிவிட்டால், எஞ்சிய தசையே முழுச் சுமையையும் தாங்கவேண்டும். அறை சற்று விரிந்து கொடுக்கிறது. நீண்ட தசை மேலும் விசையுடன் சுருங்கும் என்பது ஓட்டோ பிராங்கும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்த உண்மை. எனவே முதலில் அந்த விரிவு உதவியே செய்கிறது. நாளடைவில் அதுவே வினையாகிறது. அறை பெருகப் பெருகச் சுவரின்மீது இழுவிசை மிகுகிறது; சுவர் மெலிகிறது; முட்டைபோல் நீண்டிருந்த அறை பந்துபோல் உருண்டுவிடுகிறது.

நெடுங்காலம் உயர் இரத்த அழுத்தத்தை எதிர்த்து உழைத்த அறை இவ்வாறு விரிவதில்லை. சுமை தூக்குபவனின் புயம்போல் அதன் சுவர் தடிக்கிறது; தசையினூடே நார்த்திசு படர்கிறது. சுருங்குவதில் பெருங்குறை இல்லை. நெகிழ்ந்து குருதியை ஏற்பதில்தான் குறை.

விரிந்த அறை ஒன்றில் 200 மில்லிலிட்டர் நிறைந்து 60 வெளியேறுகிறது என்று கொள்வோம். அது 30 விழுக்காடு. இறுகிய அறையில் 100 மட்டுமே நிறைந்து அதே 60 வெளியேறுகிறது; இது 60 விழுக்காடு. வெளியேறிய குருதி ஒன்றே. கணக்கேட்டில் ஒருவர் நோயாளி, மற்றவர் நலமுடையவர்! இருவருக்கும் அழுத்தம் பின்னோக்கி ஏறி நுரையீரலில் நீர் கோக்கிறது. மாடிப்படி ஏற மூச்சுத் திணறியும், 'இதயம் நன்றாகவே இயங்குகிறது' என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிய மூதாட்டியர் எத்தனை பேரோ!

விரிந்த அறைக்கு விடிவு முன்னரே வந்தது. துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பு மருந்துகள், தளர்ந்த இதயத்துக்கு ஆகாதவை என்று விலக்கப்பட்டிருந்தன. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் வாக்ஸ்டைன் குழுவினர் அவற்றைத் துணிந்து சிலருக்கு அளித்து, அவர்கள் தேறியதை 1975இல் வெளியிட்டனர். பெருகிய அறை ஓரளவு சிறுத்துத் தன் வடிவை நோக்கி மீளவும் கூடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இறுகிய அறை நெடுநாள் காத்திருந்தது. நீரிழிவுக்கென வந்த எம்பாகிளிபுளோசின் என்னும் மருந்து, இத்தகைய நோயாளர் மருத்துவமனையில் சேரும் நிலையைக் குறைக்கிறது என்று 2021இல் ஒரு பேராய்வு காட்டியது.