ரெண்டாவது பொட்டிக்கு ஒண்ணுமே தெரியல

ஃபயர்வால் ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எந்திரிச்சு நிக்கணும். விற்கும்போது படம் போட்டுக் காட்டுறது இதைத்தான். ஆனா எந்திரிச்சு நிக்கிறது வேற, விட்ட இடத்துல இருந்து வேலையைத் தொடர்றது வேற மக்கா.

ஓப்பன்பிஎஸ்டியில் இதுக்கு ரெண்டு சமாச்சாரம். ஐபி முகவரியைப் பங்கு போட்டுக்கிறது கார்ப். விஆர்ஆர்பி மேல சிஸ்கோ காப்புரிமை கொண்டாடியதால், 'போங்கய்யா'ன்னு தாங்களே எழுதி 2004-ல் 3.5 வெளியீட்டில் சேர்த்தார்கள். இன்னொண்ணு பிஎஃப்சின்க். யார் யாரோடு பேசிட்டிருக்காங்கன்னு சொல்லும் ஸ்டேட் டேபிளை அடுத்த பொட்டிக்கு ஓதிக்கிட்டே இருக்கும். நெறிமுறை எண் 240, மல்டிகாஸ்ட் முகவரி 224.0.0.240.

டிசிபியில் முதல் பாக்கெட்டைத்தான் விதிகளோடு ஒப்பிட்டு உள்ளே விடும். மத்ததெல்லாம் ஸ்டேட்டைப் பார்த்துப் போகும். ஸ்டேட் இல்லாத பொட்டி, சார்ட் இல்லாம நடுவழியில் ஏறின டிடிஆர் மாதிரி. எல்லாரையும் இறக்கி விட்டுரும்.

ஒரு வாடிக்கையாளர் இடத்தில் அதான் நடந்தது. மாசக் கடைசி, சம்பளக் கணக்கு அப்லோடு. மூணு மணி நேரம் ஓடும். நடுவில் பேட்ச் போட மாஸ்டரை ரீபூட் செய்ததும் அறுந்தது. மறுநாள் ராத்திரியும் அதே கதை. கணக்குப் பிரிவு அம்மா, "தம்பி, இன்னிக்காவது வீட்டுக்குப் போவேனா?"ன்னு கேட்டாங்க. நெட்வொர்க் மக்களோ "பிங் ஒண்ணுகூட தவறல, அப்ளிகேஷன் பிரச்சனை"ன்னு கை கழுவிட்டாங்க. பிங் தவறாது சாமி! ஸ்டேட் இல்லாட்டி, அடுத்து வர்ற பிங்கே புது ஸ்டேட்டை உண்டாக்கிக்கும். அது எதையும் நிரூபிக்காது.

பிஎஃப்சிடிஎல்லில் ஸ்டேட்டை எண்ணிப் பார்த்தேன். மாஸ்டரில் நாப்பதாயிரத்துச் சொச்சம், பேக்கப்பில் நூறைத் தாண்டல. ஆனா டிசிபிடம்ப் போட்டா பேக்கப்புக்கு சின்க் பாக்கெட் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. இங்கதான் நிறைய பேர் கேபிள், சுவிட்சுன்னு அலைவாங்க. டிசிபிடம்ப் பார்க்கிறது வாசலுக்கு வெளியே. பிஎஃப் வடிகட்டுறது அதுக்கு அப்புறம். விதிகளில் 'உள்ளே வர்றதை எல்லாம் தடு'ன்னு இருக்கு, பிஎஃப்சின்க்கை விடச் சொல்லி ஒரு வரி இல்லை. முன்னாடி ஆணி புடுங்கினவர் புண்ணியம்.

வரியை ரெண்டு பொட்டியிலும் சேர்க்கணும். ஏன்னா பேக்கப் 'மொத்த டேபிளையும் அனுப்பு'ன்னு கேட்கிற கோரிக்கை மாஸ்டருக்குப் போகணும். அது வந்து சேரும் வரைக்கும் பிஎஃப்சின்க், கார்ப்போட டிமோஷன் எண்ணை ஏத்தி வச்சிருக்கும். இப்பதான் பூட் ஆன பொட்டி அரைகுறை நினைவோட பதவியைப் பிடுங்காம இருக்க. அழகான ஏற்பாடு.

விதிகள் ரெண்டிலும் ஒண்ணா இருக்கான்னு செக்சம் பார்த்துக்கங்க. வேற வேறன்னா, வந்த ஸ்டேட் டீஃபால்ட் விதியில் போய்த் தொங்கும். சின்க்குக்குத் தனி கேபிள் கட்டாயம். பிஎஃப்சின்க்குக்கு அடையாளச் சோதனையே கிடையாது, அந்த வயரில் யார் வந்தாலும் ஸ்டேட்டைச் சொருகலாம். ஆபீஸ் சுவிட்சில் ஓட்டி ஒரு கேபிள் காசை மிச்சம் பிடிக்கிறவங்களை என்னத்தச் சொல்ல. ஐபிசெக் இருந்தா அதுக்கு சசின்க்டி தனியா வேணும்.

மூணாவது ராத்திரி, ஒரு பெரிய ஃபைலைக் காப்பி போட்டுட்டு மாஸ்டரோட பவரைப் பிடுங்கினோம். மூணு செகண்ட் போலத் தயங்கிச்சு, அப்புறம் ஓடிச்சு. அதுக்கப்புறம்தான் அந்தம்மாவை அப்லோடு ஆரம்பிக்கச் சொன்னோம். நடுவில் பேட்ச் போட்டது அவங்களுக்குத் தெரியவே தெரியாது.